ஏழாம் வரிசைக் கயிறுகள்

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி,
ஜார்ஜ்டவுன்.
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

லோகேஸ்வரன் அவர்களுக்கு,

குமுதா எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். சண்டை போட ஆள் இல்லாத ஊரில் உடம்புக்கு என்ன வந்துவிடப்போகிறது?

நீங்கள் ஜோகூருக்குப் போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. போனில் பேசினால் இரண்டு பேருக்கும் வாய் நீளுகிறது, இனி எதுவானாலும் காகிதத்தில்தான் என்று விதி போட்டவள் நான். உங்கள் எண்ணை அடைத்து வைத்தவளும் நான்தான். அதனால் முதல் கடிதமும் நானே எழுத வேண்டியதாகிவிட்டது. இதை இறங்கி வந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேதி இதுதான். பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை லைனை மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். பதினேழு வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்த கண்ணுக்கு இனி எந்தத் தொழிற்சாலையும் வேலை தராது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அழுதேன், இரண்டு நாள். மூன்றாவது நாள் எழுந்து போய், டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டேன். கிடங்கு நிர்வாகமும் சரக்குப் போக்குவரத்தும். திறன் சீஜில், அதாவது சான்றிதழ், மூன்றாம் நிலை. சிரிக்காதீர்கள். வகுப்பில் இருபது பேர், நான் ஒருத்திதான் நாற்பதைத் தாண்டியவள். மற்றவர்களெல்லாம் என்னை ஆண்டி என்கிறார்கள், பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் அக்கா என்கிறார்கள்.

முதலில் உள்ளே வந்த சரக்குத்தான் முதலில் வெளியே போக வேண்டுமாம். அந்த விதி நம் வீட்டு ஐஸ் பெட்டியில் இருந்திருந்தால் நீங்கள் வாங்கிவந்த சம்பால் போத்தல்கள் ஆறு மாதம் பூசணம் பிடித்திருக்காது. ரேக், பேலட், எடைப் பலகை என்று நீங்கள் சாப்பிடும்போது புலம்பிய சொற்களெல்லாம் இப்போது என் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இருக்கின்றன.

இந்தச் சீஜில் கிடைத்தால் ஸ்டோர்கீப்பர் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் யாராவது கடையில் மங்கு, தட்டு கழுவத்தான் போக வேண்டும். எனக்கு வேறு வழி இல்லை. அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

குமுதா


பாசிர் கூடாங்,
ஜோகூர்.
18 ஆகஸ்ட் 2024

குமுதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது, குத்தலும் அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன்.

சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனிடம், என் வீட்டுக்காரி கிடங்குப் படிப்புப் படிக்கிறாள் என்று சொன்னேன். "அப்ப உங்களுக்கே சூப்பர்வைசரா வந்துருவாங்கலா, அண்ணே" என்றான். வந்தால் வரட்டும். உன்னிடம் லீவு கேட்டு வாங்குவது எப்படியும் எனக்குப் பழக்கமானதுதான்.

இங்கே துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. யாருடனும் இன்னும் தகராறு இல்லை, அது உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, நான் சொல்வது ஒன்று உண்டு. கிடங்குக்குள் போனால் எல்லோரும் சரக்கைப் பார்ப்பார்கள். நீ அதைத் தாங்கும் இரும்பைப் பார். கண் சரியில்லாவிட்டால் கையால் தடவிப் பார்.

நன்றாகப் படி. சாப்பிடாமல் போகாதே.

லோகேஸ்


ஜார்ஜ்டவுன்.
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள லோகேஸுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

எழுத்துப் பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவது வந்திருக்கிறேன். இனி பன்னிரண்டு வாரம் நிஜக் கிடங்கில் பயிற்சி. ஒவ்வொரு நாளும் செய்த வேலையை லாக் புக்கில் எழுதி, அங்கே இருக்கும் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதோடு ஒரு புராஜெக்டும் செய்து, படங்களோடு கோப்பாகக் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடாத லாக் புக்கைப் பரீட்சகர் தொடக்கூட மாட்டாராம்.

இப்போது கோபப்படாமல் படியுங்கள். பயிற்சி நிலையம் என்னை அனுப்பியிருப்பது புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் நீங்கள் வேலை பார்த்த அதே கிடங்குக்கு. நான் கேட்டு வாங்கவில்லை. பெயர்ப் பட்டியலில் அப்படி வந்தது. மாற்றிக் கேட்டால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். என்னால் முடியாது.

போன புதன்கிழமை சேர்ந்தேன். காலை ஃபெரி பிடித்து அந்தப் பக்கம் போய், ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிப் போகிறேன். நான் உங்கள் மனைவி என்று யாருக்கும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் ஃபிக்ரி, உங்கள் காலத்தில் கிளார்க்காக இருந்தவன்தானே? மரியாதையாகத்தான் பேசுகிறான். மலாயில் அக்காவுக்குக் காக், தம்பி போல அப்படித்தான் கூப்பிடுகிறான். நீங்கள் சொன்ன பூதம் எதுவும் அங்கே இல்லை.

நீங்கள் அங்கே வேலையை விட்ட கதை எனக்கும் மறக்கவில்லை. சரக்கு ஏற்றும் ரேக்கின் இரும்புக் கால் வளைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தீர்கள், மாற்ற மாட்டோம் என்றார்கள், மறுபடி எழுதிக் கொடுத்தீர்கள், அனுப்பிவிட்டார்கள். அது நாலாவது வேலை. ஊரில் இருக்கும் இரும்பெல்லாம் உங்கள் பொறுப்பா என்று நான் கேட்டது தப்புத்தான். ஆனால் அப்படிக் கேட்கும்படி என்னை வைத்ததும் நீங்கள்தான்.

எனக்கு இந்தப் பன்னிரண்டு வாரம் அமைதியாக முடிந்தால் போதும்.

குமுதா


பாசிர் கூடாங்.
29 செப்டம்பர் 2024

குமுதா,

அங்கே போகாதே.

ஜனவரி வரை காத்திருந்தால் செத்தா போய்விடுவாய்? அந்தக் கிடங்கு சரியில்லை என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். நீ அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் அந்தப் பயல் காக், காக் என்கிறான் என்று எழுதுகிறாய். என்னை வெளியே அனுப்பிய கடிதத்தை டைப் அடித்தவனே அவன்தான், தெரியுமா? அவன் போடும் ஒரு கையெழுத்துக்காக அவன் முன்னால் போய்க் கையைக் கட்டி நிற்கிறாயே. அப்படி ஒரு சீஜில் வாங்கி என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்? நாற்பத்தொரு வயதில் உனக்கு யார் ஸ்டோர் சாவியைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்?

போய்த்தான் ஆவேன் என்றால் ஒன்று செய். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இத்ரீஸ் பாயைப் பார். உயரமாக, தாடி வைத்திருப்பார். நீ யாருடைய மனைவி என்று அவரிடம் மட்டும் சொல். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று அவர் காட்டுவார். அவர் அங்கே இருக்கும்வரை எனக்குப் பயம் இல்லை.

லோகேஸ்


ஜார்ஜ்டவுன்.
6 அக்டோபர் 2024, ஞாயிறு

லோகேஸ்வரன் அவர்களுக்கு,

என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று கேட்டீர்கள். அந்த வரியை நான் ஃபெரியில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த பெண், அக்காவுக்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

உங்கள் இத்ரீஸ் பாய் ஆகஸ்ட் மாதமே வேலையை விட்டு ஓய்வு எடுத்து, மகள் வீட்டோடு கிளந்தான் போய்விட்டார். இப்போது ஓட்டுகிறவர்களெல்லாம் ஏஜென்ட் அனுப்பும் ஆட்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறார்கள். அதனால் உங்கள் பெயரைச் சொல்லி அனுதாபம் வாங்க எனக்கு அங்கே ஆள் இல்லை.

நான் என்ன கிழித்தேன் என்று கேட்டீர்களே, இதோ படம் அனுப்பியிருக்கிறேன். என் புராஜெக்ட் இது. பதினேழு வருடம் தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் செய்து பழகியவள் நான். வேண்டாததைப் பிரி, இருப்பதை அடுக்கு, துடை என்று அந்த ஜப்பான்காரர்கள் எங்கள் மண்டையில் ஏற்றியதை மறக்க முடியுமா? வருடா வருடம் எங்கள் லைனுக்குத்தான் பரிசு. இங்கே ஏழாம் வரிசையைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. தரையெல்லாம் பிளாஸ்டிக், ரேக் கால்களில் அங்கங்கே பழைய சிவப்பு ராஃபியா கயிறு. யாரோ எதையோ கட்டிவிட்டு முடிச்சை அவிழ்க்காமல் போயிருக்கிறார்கள். தூசி படிந்து கறுத்துக் கிடந்தது. ஒன்பது இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன். கால்களைத் துடைத்து, புது மஞ்சள் பிளாஸ்டிக் உறை மாட்டினேன். முதல் படம் முன்பு, இரண்டாவது படம் பின்பு. வித்தியாசம் தெரிகிறதா?

ஃபிக்ரி அசந்துபோய்விட்டான். அதோடு அந்த வரிசையின் மேல் தட்டுகளில் பதினொரு இடம் காரணமே இல்லாமல் காலியாகக் கிடப்பதையும் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். நவம்பர் விற்பனைக்கு வரும் சரக்கை எங்கே வைப்பது என்று அவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். லாக் புக்கில் "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அஃபிக் என்று ஒரு டிரைவர், முப்பது வயது இருக்கும், அவன் மட்டும்தான் வந்து, "காக், அந்தக் கயிறெல்லாம் எங்க?" என்று கேட்டான். குப்பையில் போட்டாயிற்று என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன். டிசம்பரில் சீஜில் வந்தபிறகு அதன் நகலை அனுப்புகிறேன், உங்கள் கட்டிலுக்கு மேல் மாட்டிக்கொள்ளுங்கள்.

குமுதா


பாசிர் கூடாங்.
10 அக்டோபர் 2024, வியாழன்

குமுதா,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கடைசிவரை படி. உன் காலில் விழுந்து கேட்கிறேன், படி.

அந்தக் கயிறு குப்பை இல்லை. அதைக் கட்டியது நானும் இத்ரீஸ் பாயும்.

ஏழாம் வரிசையில் ஒன்பது கால் வளைந்திருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் இடித்து இடித்து வளைந்தவை. மாற்ற வேண்டும் என்றால் வரிசையையே காலி செய்ய வேண்டும், வேலை நிற்கும் என்று மேலிடம் மாட்டேன் என்றது. நாங்கள் ஒட்டிய சிவப்பு அட்டைகளை ஆடிட் வரும்போது கிழித்தார்கள். அதனால் கயிறு கட்டினோம். கயிறு இருக்கும் காலுக்கு மேல் மூன்றாவது, நாலாவது தட்டில் எதுவும் ஏற்றக்கூடாது என்பது டிரைவர்களுக்குள் பேச்சு. புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் சொல்லிக் கொடுப்பான். காகிதத்தில் எங்கும் இல்லை. நீ எழுதிக் கொடுத்த பதினொரு காலி இடமும் அதனால்தான் காலி.

இப்போது கயிறும் இல்லை, இத்ரீஸ் பாயும் இல்லை. வளைவும் தெரியாது, நீ உறை மாட்டிவிட்டாய். உன் இரண்டாவது படத்தைப் பார்த்தேன். எல்லாக் கால்களும் ஒரே மாதிரி இருக்கின்றன.

உன்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் போன கடிதத்திலேயே கயிற்றைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். உன்னைத் திட்டுவதிலேயே பக்கத்தை நிரப்பிவிட்டேன்.

வேறொருவன் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். செய்தி அனுப்பினேன், ஒரு குறியோடு நிற்கிறது, அந்த எண்ணையும் அடைத்துவிட்டாய் போலிருக்கிறது. உன் வகுப்பு எங்கே என்று நீ எழுதவே இல்லை. இத்ரீஸ் பாயின் பழைய எண் வேலை செய்யவில்லை. அதனால் இதை நாளை காலை அவசரத் தபாலில் போடுகிறேன்.

இதைப் படித்ததும் செய்ய வேண்டியது: மேல் தட்டில் எதுவும் ஏற்ற விடாதே. ஏற்றியிருந்தால் இறக்கச் சொல். முதலில் அஃபிக்கிடம் சொல், பிறகு ஃபிக்ரியிடம். லாக் புக் போனால் போகட்டும். நீ ஏழாம் வரிசைக்குள் கால் வைக்காதே.

லோகேஸ்


பாசிர் கூடாங்.
17 அக்டோபர் 2024, வியாழன்

குமுதா,

திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட்டு வாங்கியதாகத் தபால்காரர்கள் கணினியில் காட்டுகிறது. ஒரு வரி பதில் எழுதக்கூடாதா? திட்டியாவது எழுது.

நேற்று கிடங்கு ஆபீசுக்கே போன் பண்ணினேன். மூன்று தடவை என் பெயரைக் கேட்டதும் வைத்தார்கள். நாலாவது தடவை ஃபிக்ரியே எடுத்தான். ஒன்பது கால் என்று எண்ணோடு சொன்னேன். "எல்லாம் மாத்தியாச்சு அண்ணே, நீங்க போயி ஒன்றர வருசம் ஆச்சுலா, நிம்மதியா இருங்க" என்றான். மாற்றியிருக்கிறார்களா? நீ அங்கேதானே இருக்கிறாய், கையால் தடவிப் பார்த்துச் சொல்.

இந்தச் சனிக்கிழமை வரலாம் என்று லீவு கேட்டேன். தீபாவளிக்குத்தான் தருவேன் என்கிறான் மேனேஜர். வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் அதற்குத்தானே நீ என்னை விரட்டினாய். ஃபிக்ரி மாற்றியாச்சு என்று சொன்னதும் சரி, இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பொய்யாக இருக்காது, இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுது.

லோகேஸ்


ஜார்ஜ்டவுன்.
19 அக்டோபர் 2024, சனி

லோகேஸ்,

நீங்கள் அவசரத் தபாலில் போட்டதை நேற்று மாலைதான் பிரித்தேன். திங்கட்கிழமையிலிருந்து அது ஐஸ் பெட்டியின் மேல் இருந்தது. ஒவ்வொரு நாளும் பால் எடுக்கும்போது அதைப் பார்த்தேன். இன்னும் என்ன திட்டு பாக்கி வைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். நான்கு நாள், லோகேஸ்.

நேற்று காலை சலவைத் தூள் ஏற்றிய லாரி வந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் இறக்கி முடித்துவிட வேண்டும் என்று அஃபிக் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழாம் வரிசையின் மேல் தட்டில்தான் இடம் என்று ஃபிக்ரி காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். என் பட்டியலைப் பார்த்து எழுதிய காகிதம். நான் ஆறாம் வரிசையில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அஃபிக் என்னைக் கடந்து போனபோது வண்டியை நிறுத்தி, "காக், கயிறு எந்தப் பக்கம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விடும் என்ற எரிச்சல். "அது சும்மா குப்பை, அஃபிக். நீ ஏத்து" என்றேன்.

நீ ஏற்று என்று நான்தான் சொன்னேன்.

பதினொன்றரை மணிக்கு முதலில் இரும்பு முனகுவது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் வரிசையே ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. அப்புறம் கண் தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் சோப்புத் தூள். எல்லோரும் இருமிக்கொண்டே அவன் பெயரைக் கூப்பிட்டோம். அவனை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் கருவி வைத்துத்தான் மூச்சு ஓடுகிறது என்கிறார்கள். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

மாலை நாலு மணிக்கு ஃபிக்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் மலாயில் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். "காக், அஃபிக் வண்டியால தூண இடிச்சிட்டான். அதிகாரி வந்தா நாம அதத்தான் சொல்லணும். அந்தக் கயிறு இருக்கிற படத்த மட்டும் அழிச்சிருங்க. ஏன்னா அத வெட்டுனது நீங்கதான். உங்களுக்கு ஏன் பிரச்சன? லாக் புக்க நான் இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்." சொன்னபடி செய்தும் விட்டான். இன்னும் ஏழு வாரம் பாக்கி இருக்கிறது, அத்தனை பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டான். அது இப்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது. 

செவ்வாய்க்கிழமை தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவிலிருந்து வருகிறார்கள். நீங்கள் வராதீர்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்டவன், அவன் பெண்டாட்டி, இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை என்று திருப்பிவிடுவார்கள். போனும் பண்ணாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் உடைந்துபோவேன். என்ன செய்வது என்று எழுதுங்கள். முதல் தடவையாகக் கேட்கிறேன்.

குமுதா


பாசிர் கூடாங்.
24 அக்டோபர் 2024, வியாழன்

என் குமுதாவுக்கு,

அஃபிக் திங்கட்கிழமை இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். வேலைக்குப் போகவில்லை. அன்று முழுவதும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டாய், சொல்கிறேன். என் கடிதத்தை எரித்துவிடு. படங்களை அழித்துவிடு. செவ்வாய்க்கிழமை ஏற்கெனவே கேட்டிருந்தால், அடுத்த தடவை கேட்கும்போது சொல்: கயிறு என்னவென்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. அது உண்மைதானே? என் கடிதம் உன் கையில் இருக்கும்வரைதான் அது பொய். நான்கு நாள் எச்சரிக்கையைப் பிரிக்காமல் வைத்திருந்தவள் என்று ஒரு தடவை எழுதிவிட்டார்கள் என்றால் உன்னை விடமாட்டார்கள். சீஜில் மட்டும் போகாது, குமுதா. கோர்ட்டு வரைக்கும் இழுப்பார்கள். என்னைக் கேட்டால் நான் எழுதவே இல்லை என்பேன். தபாலில் அனுப்பியது பழைய சேலை என்பேன்.

நீ நினைப்பது எனக்குத் தெரியும். நாலு வேலையை வாயால் தொலைத்தவன் இப்போது வாயை மூடச் சொல்கிறானே என்று. ஆமாம். அன்றைக்கெல்லாம் போனது என் வேலை. இன்றைக்குப் போகப்போவது நீ. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

அஃபிக்குக்கு இனி எதுவும் உறைக்காது. இதை எழுத எனக்கே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கே வந்துவிடு. இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலில் காற்று வருகிறது. லாக் புக் முழுசாகக் கையெழுத்தோடு இருக்கிறது இல்லையா, பரீட்சையை முடித்து சீஜிலோடு வா. துறைமுகத்தில் ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள். பதினைந்து மாதமாக எனக்கு நல்ல சோறு இல்லை, நல்ல சண்டை இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா. நடந்ததை நாம் இரண்டு பேரும் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

உன்,
லோகேஸ்


ஜார்ஜ்டவுன்.
3 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள லோகேஸுக்கு,

தீபாவளிக்கு வருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். விளக்கு மட்டும் ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் ஐந்து நாள் வைத்திருந்தேன். ஜன்னலில் காற்று வருகிறது என்று எழுதியிருந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நம் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னை "வா" என்று கேட்டது இதுதான் முதல் தடவை. போய்விடலாம் என்றுதான் இருந்தேன். பெட்டியைக்கூட இறக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி கேட்டபோது, எதுவும் தெரியாது என்றுதான் நானும் சொன்னேன். அது உங்களுக்குத் தெரியட்டும். நீங்கள் எழுதுவதற்கு முன்பே அந்தப் பொய்யை நான் சொல்லிவிட்டேன்.

பிறகு போன வாரம் அஃபிக் வீட்டுக்குப் போனேன். கிடங்கிலிருந்து எல்லோரும் போனார்கள், நானும் போக வேண்டியிருந்தது. அவன் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தை எடுத்துக் காட்டி, "அக்கா, நீங்க அங்கதான வேல செய்றீங்க? இவரு கவனமில்லாம இடிச்சிட்டாருன்னு போட்டிருக்காங்க. எட்டு வருசமா ஓட்டுறாரு. நெஜமா?" என்று மலாயில் கேட்டாள். பெரிய பெண் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பார்க்கிறேன்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை தீபாவளி விடுமுறை. வெள்ளிக்கிழமை நானே பாதுகாப்பு இலாகா ஆபீசுக்குப் போனேன். புவான் ரொஸ்னா என்று ஒரு பெண் அதிகாரி. முன்பு சொன்னது பொய் என்று முதலில் சொன்னேன். கயிறு இருக்கும் படம், இல்லாத படம், காலி இடங்களின் பட்டியல், ஃபிக்ரி முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட லாக் புக், எல்லாவற்றையும் கொடுத்தேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். 10 அக்டோபர் தேதியிட்டது, உறையோடு.

அவர் தமிழ் தெரிந்த ஆளை வைத்துப் படித்துக் கேட்டார். பிறகு, இதை எப்போது பிரித்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பயிற்சி நிலையம் அன்று மாலையே என் பெயரை நிறுத்தி வைத்துவிட்டது. சீஜில் வராது. என்மேல் என்ன நடவடிக்கை என்று இன்னும் தெரியாது. இரண்டு நாளாக யார் கதவைத் தட்டினாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. பயமாக இருக்கிறது, லோகேஸ். பயமே இல்லை என்று எழுத ஆசைதான்.

இப்போது உங்கள் விஷயம். கம்பெனி வக்கீல் அந்தக் கடிதம் போலி என்றுதான் சொல்வாராம். விபத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எழுதி, பழைய உறையில் போட்டது என்பாராம். அதனால் உங்களைக் கூப்பிடப் போகிறார்கள். முகவரியைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, பினாங்கு ஆபீசில். லீவு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரே கேள்விதான் கேட்பார்கள், இதை நீங்கள் எழுதினீர்களா என்று. இல்லை என்றால் நான் தப்பித்துக்கொள்வேன், பழி அஃபிக் மேல் போய்விடும். அன்றே நீங்கள் பார்த்த வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டும் போகலாம். ஆனால் அப்படி வந்தால், அந்த வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சோறு என்னால் போட முடியாது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

ஆமாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மனைவி,
குமுதா